பொதிகளும் அவற்றைப் பேணுவோரும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கணினியைப் பற்றி, இளைஞரும் பெரியோரும் ஒருங்கே பயன்கொள்ளத்தக்க முறையில் ஏதேனும் சொல்லுக என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். கணினித் துறையோ மிகப் பரந்தது. அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே இன்று எடுத்துக்கொள்கிறோம். மூலநிரலை எல்லோர்க்கும் திறந்து வைத்திருக்கும் இயங்குதளம் ஒன்றிலே மென்பொருட் பொதிகள் எங்ஙனம் வந்து சேர்கின்றன, அவற்றைக் கட்டி அனுப்புவோர் யாவர், அவை பழுதுபடாமற் காப்போர் யாவர் என்பதே எமது பேச்சின் பொருள். பொருள் சிறிதாயினும், இலவசமாகப் பெறுகின்ற ஒன்றின்பால் நமக்குக் கடமை உண்டா என்னும் பெரிய வினா அதனுள் அடங்கியிருக்கின்றது.

கணினியின் திரையையும் விசைப்பலகையையும் அச்சுப்பொறியையும் ஒன்றோடொன்று இசைவித்து நடத்துவது இயங்குதளம். அதன்மேல் நின்று கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், படம் வரையவும் உதவுவன மென்பொருள்கள். எம்மவரிற் பெரும்பாலோர் அறிந்த இயங்குதளம் விண்டோஸ். அதனுடைய மூலநிரலை, அதாவது அதனை ஆக்கிய கட்டளைகளின் எழுத்து வடிவத்தை, உரிமையாளர் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதில்லை. இதற்கு மாறாக, யாவரும் எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம். திறந்து கற்கலாம், திருத்தலாம். பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். திருத்தியதையும் வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளோடு வருவனவும் உள. லினக்ஸ் என்னும் கருவைக் கொண்டு அமைந்த டெபியன், உபுண்டு, பெடோரா முதலியன அவ்வகையின. இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். விலை இல்லாமை இங்கே இரண்டாவது விடயம். உரிமை உண்மையே முதலாவது.

இவ்வியக்கத்தின் வரலாற்றை விரித்துரைக்க நேரம் போதாது. ஆயினும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கரான றிச்சட் ஸ்டோல்மன் 1983ஆம் ஆண்டு செப்டெம்பரில், முழுவதும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஆக்கப் போவதாக அறிவித்தார். திருத்தி வழங்குவோரும் அதே உரிமைகளைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் பொது உரிமப் பத்திரத்தை 1989இல் வெளியிட்டார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ், தமது 21ஆம் வயதில், லினக்ஸ் என்னும் கருவை ஆக்கி வெளியிட்டார். 1993 ஓகஸ்ட் 16ஆந் திகதி, அமெரிக்காவின் பேர்டியூப் பல்கலைக்கழக மாணவர் இயன் மேடொக், தமது இருபதாம் வயதில், டெபியனை அறிவித்தார். படங்களைத் திருத்த உதவும் கிம்ப் என்னும் மென்பொருளைத் தொடங்கியோர் பேர்க்லி மாணவர் இருவர். நாம் படம் பார்க்கப் பயன்படுத்தும் வீ.எல்.சி. பிரான்ஸ் நாட்டுப் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் முயற்சியிற் பிறந்தது. இவர்களெல்லாம் இன்று இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் எமது தோழர்களின் வயதினர்!

இவர்களுள் மேடொக் என்பவரின் பணியே எமது பொருளோடு நேரே தொடர்புடையது. அவர் காலத்தில் லினக்ஸ் கருவும், அதனோடு சேர வேண்டிய நூற்றுக்கணக்கான சிறு மென்பொருள்களும் பல இடங்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு தொகுத்துத் தருவோர் சிலர் இருந்தனர். ஆயின் அத்தொகுப்புக்கள் கவனக்குறைவாக இருந்தன என்பது மேடொக்கின் மனக்குறை. இப்பணியைத் தனியொருவர் செய்து முடித்தல் இயலாது, ஒவ்வொரு பொதியையும் ஒவ்வொருவர் பொறுப்பேற்றுக் கட்டி, அதனைத் தொடர்ந்து பேண வேண்டும் என்று அவர் கருதினார். பின்னர் வந்ததெல்லாம் இந்தக் கருத்தின் வளர்ச்சியே.

பொதி என்பது யாது? தபாற் கந்தோருக்கு வரும் பொதி ஒன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளே பொருள் இருக்கும். வெளியே அனுப்பியவர் பெயர், முகவரி, நிறை முதலிய விபரங்கள் இருக்கும். டெபியன் பொதியும் அத்தகையதே. அதன் ஒரு பகுதியிலே கணினியிற் சென்று அமர வேண்டிய கோப்புக்கள் இருக்கின்றன. மற்றப் பகுதியிலே பொதியின் பெயர், அதன் பதிப்பு இலக்கம், அது செய்யும் வேலை, அதனைப் பேணுபவரின் பெயர், அது இயங்குதற்கு வேண்டிய ஏனைய பொதிகளின் பட்டியல் ஆகியன எழுதப்பட்டிருக்கின்றன.

இறுதியாகச் சொன்ன பட்டியலை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். கணினியில் எந்த மென்பொருளும் தனித்து நிற்பதில்லை. எழுத்துக்களைத் திரையிலே தீட்டுதற்கு ஒரு பொதி, படங்களைத் திறப்பதற்கு வேறொன்று, கோப்புக்களைச் சுருக்கி விரிப்பதற்கு இன்னொன்று என, ஒன்று பலவற்றின் தோளில் நிற்கின்றது. லிப்ரே ஒபிஸ் என்னும் எழுத்துவேலைத் தொகுதியை நிறுவப் புகுவோர், அதன் பின்னால் இத்தகைய பொதிகள் அணிவகுத்து வருவதைக் காண்பர். முற்காலத்தில் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றைத் தேடினால் அது மற்றொன்றைக் கேட்கும். அது வேறொன்றின் பழைய பதிப்பைக் கேட்கும். இத்தொல்லையைத் தீர்க்க 1998இல் ஏ.பீ.ரீ. என்னும் கருவி வெளிவந்தது. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்பு அதனைத் தாங்கி வந்தது. பொதியின் பெயரை நாம் சொன்னாற் போதும்; வேண்டிய துணைப் பொதிகள் அனைத்தையும் கணித்துக் கொணர்ந்து உரிய ஒழுங்கில் அமைத்துவிடுகின்றது. பின்னொருநாள் அவற்றுக்குத் திருத்தம் வந்தாலும் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் புதுப்பிக்கின்றது.

இப்பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைக் களஞ்சியம் என்பர். எமது ஊர்ச் சங்கக்கடையை இதற்கு உவமையாகச் சொல்லலாம். அது தனி முதலாளி ஒருவருக்கு உரியதன்று. அங்கத்தவர்களே அதன் உடைமையாளர். பண்டம் எங்கிருந்து வந்தது, யார் நிறுத்தார், யார் கணக்கெழுதினார் என்பதற்கெல்லாம் பதிவு உண்டு. 2023 யூனில் வெளியான டெபியன் 12ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. களஞ்சியத்தின் பட்டியலுக்கு இலக்கமுறைக் கையொப்பம் ஒன்று இடப்படுகின்றது. எமது கணினி பொதி ஒன்றைப் பெறும்போது, அது பட்டியலிற் சொன்ன பொதிதானா, வழியிலே எவரேனும் அவிழ்த்து எதையேனும் புகுத்தினரா என்று சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்கின்றது. பழைய நாளில் கடிதத்தின்மேல் இட்ட அரக்கு முத்திரை போன்றது இது.

இவ்விடத்திலே எம்மவரிடையே பரவியுள்ள வழக்கம் ஒன்றைக் குறிப்பிடாமற் செல்லல் தகாது. விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களைப் பூட்டுடைத்துப் படியெடுத்த இறுவட்டுக்கள் வீதியோரத்தில் விற்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அவை இணையத்தின் வழியாகவும் கையடக்கச் சேமிப்பிகளின் வழியாகவும் கைமாறுகின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. எனவே அது சட்டத்திற்கு மாறு. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், அறியாத ஒருவன் பூட்டுடைத்த பொருளை எம் வீட்டினுள் வைப்பது அறிவுடைமை ஆகுமா? அதனுள் வேறு எதனை அவன் ஒளித்து வைத்தான் என்பதை யார் அறிவார்? ஒருபுறம் முத்திரையிட்ட பொதி. மறுபுறம் முகவரியில்லாத பொதி. பணம் கொடாமையே நோக்கமாயின், நேர்வழியிலேயே அது கைகூடும்போது களவு வழியை நாடுவது ஏன்?

பொதி ஒன்று பேணுநர் கையிலிருந்து எம் கைக்கு வரும் வழியும் அறியத்தக்கது. புதிய பொதி முதலில் நிலையற்ற கிளை என்னும் வாயிலிற் புகுகின்றது. அங்கே சில நாள் பெரும்பழுது தோன்றாதிருப்பின் சோதனைக் கிளைக்குச் செல்கின்றது. ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனைக் கிளையை நிறுத்தி, பழுதுகளைக் களைந்து, நிலையான பதிப்பாக வெளியிடுகின்றனர். பதிப்புக்களுக்குப் பெயரிடும் முறை சுவையானது. டோய் ஸ்டோரி என்னும் சிறுவர் திரைப்படத்துப் பொம்மைகளின் பெயர்களையே சூட்டுகின்றனர். அக்காலத்தில் டெபியனை வழிநடத்திய புரூஸ் பெரன்ஸ், அப்படத்தை ஆக்கிய பிக்சார் நிறுவனத்திற் பணிபுரிந்தவர். நிலையற்ற கிளைக்கு, அக்கதையிலே பொம்மைகளை உடைக்கும் அயல்வீட்டுச் சிறுவன் சிட்டின் பெயரை வைத்திருக்கின்றனர்!

சங்க நடத்தையிற் பழகிய பெரியோர்களுக்கு வேறொரு செய்தி மகிழ்வூட்டும். டெபியனுக்கு யாப்பு உண்டு. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் உண்டு. 1997 யூலையில் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தமும் உண்டு. தமது மென்பொருள் என்றும் கட்டற்றதாக இருக்கும் என்றும், பழுதுகளை மறையோம் என்றும் அதிலே உறுதி கூறியிருக்கின்றனர். தோற்றுவித்த மேடொக் 1996இலேயே தலைமையைப் பிறரிடம் ஒப்படைத்தார். 2015 டிசெம்பரில், தமது 42ஆம் வயதில், அவர் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் பொதிகள் ஒரு நாளேனும் நின்றுவிடவில்லை. தோற்றுவித்தவரின் பெயரில் மட்டும் உயிர்வாழும் சங்கங்கள் அவரோடு மடிகின்றன. கடமையைப் பங்கிட்டுக்கொண்ட சங்கமோ நிலைக்கின்றது.

இத்தனை ஒழுங்கிருந்தும் குறை நேர்வதில்லையா என்று கேட்பீர்கள். நேர்ந்திருக்கின்றது. 2006இல் டெபியனின் பேணுநர் ஒருவர், இரகசியச் சாவிகளை உண்டாக்கும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் பொதியிலே, சோதனைக் கருவி குறைகூறிய வரிகளை நல்லெண்ணத்தோடு நீக்கினார். அதன் விளைவாக, எண்ணிறந்த வகையில் அமைய வேண்டிய சாவிகள் எளிதில் ஊகித்தறியக்கூடிய சிறு தொகையினுள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம் வரை இக்குறை வெளிப்படவில்லை. வெளிப்பட்டபோது மறைக்கவில்லை, உலகறியச் சொல்லி, திருத்திய பொதியையும், பழுதான சாவிகளைக் கண்டறியும் வழியையும் உடனே வழங்கினர். திறந்திருக்கும் கதவு மட்டும் காவல் ஆகாது. உள்ளே நோக்குவோரும் வேண்டும் என்பதே அது புகட்டிய பாடம்.

அப்பாடத்தை இன்னும் கடுமையாக உணர்த்தியது 2024ஆம் ஆண்டு. எக்ஸ்-இசட் என்பது கோப்புக்களைச் சுருக்கும் சிறு மென்பொருள். டெபியன் பொதிகளின் உள்ளடக்கமே பெரும்பாலும் அதனாற் சுருக்கப்பட்டு வருகின்றது. உலகம் முழுவதும் எண்ணற்ற கணினிகளில் இருந்த அதனைப் பல்லாண்டுகளாக ஊதியமின்றி, ஓய்வு வேளையிற் பேணி வந்தவர் ஒருவரே. 2021இல் ஜியா டான் என்னும் பெயரோடு ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்களையே அனுப்பினார். அதே வேளையில், “வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பைப் பிறரிடம் கொடும்” என்று வேறு சில பெயர்களிலிருந்து முதற்பேணுநர்மீது நெருக்குதல் வந்தது. களைத்திருந்த அவர் உதவியாளருக்குப் பொறுப்பிற் பங்கு கொடுத்தார். 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில், தூரத்திலிருந்து பிறர் கணினியினுட் புகத்தக்க இரகசிய வாயில் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

அதனைக் கண்டுபிடித்தது காவற்படை அன்று. அன்ட்ரேஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளர், டெபியனின் நிலையற்ற கிளையிலே தமது சோதனைகளைச் செய்துகொண்டிருந்தபோது, கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கண்டார். அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. ஏன் என்று துருவினார். மார்ச் 29ஆந் திகதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, தாம் கண்டதை உலகிற்கு அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்பை அந்தப் பொதி எட்டுமுன் அது மீளப்பெறப்பட்டது. மூலநிரல் மூடப்பட்டிருந்தால் அவர் எங்ஙனம் துருவியிருப்பார்? துருவும் மனமுடையவர் ஒருவர் இல்லாதிருந்தால் மூலநிரல் திறந்திருந்தும் யாது பயன்? இரண்டும் ஒருங்கே வேண்டும்.

பெரியோர்களே, சகோதரர்களே! இவ்வரலாற்றிலே எம் நெஞ்சைத் தைப்பது கள்வனின் திறமை அன்று, பேணியவரின் தனிமையே. பெருநிறுவனங்களும் அரசாங்கங்களும் அவருடைய உழைப்பின்மேல் நின்றன. தோள்கொடுக்க வந்தவனோ வஞ்சகன். உண்மையான தோழர் இருவர் முன்னரே வந்திருந்தால் வஞ்சகனுக்கு அங்கே இடமிருந்திராது. பெற்றுக்கொண்டே இருப்பவர் கோடி, பேணுபவர் ஒருவர் என்னும் நிலை எந்தப் பொதுப்பணிக்கும் ஆபத்தானது. கோயிற் கிணறாயினும், வாசிகசாலையாயினும், மென்பொருளாயினும் நியதி ஒன்றே.

இனி, எமக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பார்ப்போம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எம் கரைகளை அழித்தபின், இந்நாட்டுக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து நிருவகிக்கும் சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கேயும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டு விருதைச் சகானாவுக்கு வழங்கியது. பெறுபவராக மட்டுமன்றிக் கொடுப்பவராகவும் இத்தீவினர் இருக்க முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தமிழுக்கும் அக்களஞ்சியத்தில் இடமுண்டு. தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிப் பொதிகள் உள. விசைப்பலகை முறைகளின் தொகுதியிலே தமிழ் 99 மட்டுமன்றி, இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் முறையும் இருக்கின்றது. டெபியனை நிறுவும்போதே தமிழைத் தெரிந்தெடுக்கலாம். லிப்ரே ஒபிஸின் திரைச் சொற்களைத் தமிழில் தரும் பொதியும் உண்டு. இவை தாமாக வந்தன அல்ல. யாரோ சிலர் இரவிலே விழித்திருந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தனர். மூலத்தில் நாள்தோறும் புதிய சொற்கள் சேர்கின்றன. மொழிபெயர்ப்பவர் ஓய்ந்தால், தமிழ்த் திரையில் ஆங்கிலம் மீண்டும் தலைகாட்டும். இப்பணியைப் பின்லாந்தினரோ அமெரிக்கரோ எமக்காகச் செய்யார், செய்யவும் இயலாது. தமிழறிந்த இளைஞரே செய்தல் வேண்டும்.

“இலவசமாகக் கிடைப்பது தரங்குறைந்ததாக இராதோ?” என ஐயுறுவோர் உளர். இணையத்தில் எமக்குப் பக்கங்களை வழங்கும் கணினிகளிற் பெருந்தொகையின லினக்ஸ் கொண்டே இயங்குகின்றன. நாம் சட்டைப் பையில் வைத்திருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியின் உள்ளேயும் லினக்ஸ் கருவே இருக்கின்றது. ஆயினும் எல்லாம் நிறைந்தது என்று கூறமாட்டோம். சில தொழிற்றுறைகளுக்கு வேண்டிய வரைதல் மென்பொருள்களும் கணக்கு மென்பொருள்களும் இதில் ஓடுவதில்லை. பிற தொகுதியில் எழுதிய பத்திரம் இங்கே திறக்கும்போது வரி குலைவதும் உண்டு. சில அச்சுப்பொறிகள் பிணங்கும். இவற்றை அறிந்தே தொடங்க வேண்டும்.

ஆகவே, எமது விண்ணப்பங்கள் மூன்று. முதலாவது: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் பல வீடுகளில் உள. அவற்றை எறிந்துவிடாது, ஒன்றிரண்டைச் சங்க வாசிகசாலைக்குத் தாருங்கள். எக்ஸ்.எப்.சி.ஈ. போன்ற எளிய திரையமைப்போடு டெபியனை நிறுவி, மாணவர் பயன்பாட்டிற்கு வைப்போம். இரண்டாவது: பூட்டுடைத்த மென்பொருளைச் சங்கத்தின் கணினியில் வைப்பதில்லை என்று பொதுக்கூட்டம் தீர்மானிக்கட்டும். மூன்றாவது: இளைஞருள் ஐவராயினும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தாம் பயன்படுத்தும் பொதி ஒன்றைத் தமதெனப் பேணட்டும். நிரல் எழுதத் தெரிந்தவர் எழுதட்டும், தெரியாதவர் மொழிபெயர்க்கட்டும், அதுவும் இயலாதவர் பழுதைக் கண்டால் விளக்கமாக எழுதி அறிவிக்கட்டும். அரை விநாடித் தாமதத்தைக் கவனித்த ஒருவர் உலகிற்குச் செய்த உதவியை நினைவிற் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பொதியின்மேலும் பேணுபவரின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது என முன்னர் சொன்னோம். இயன் மேடொக் இருபது வயதில் அவ்வழக்கத்திற்கு அடியிட்டார். அப்பெயர்களின் வரிசையிலே எமதூர்ப் பெயர்களும் எழுதப்படும் நாளை எதிர்நோக்கி, அதற்கான வேலையை வரும் வாரத்திலேயே வாசிகசாலையிற் தொடங்க இளைஞர்களை அழைக்கின்றோம். அதற்கு இடமும் ஆதரவும் தருமாறு பெரியோர்களைப் பணிந்து வேண்டுகின்றோம்.